இரண்டாம் வருடத்தில் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவது: செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கடலோரப்பெடியன்
எல்லோருக்கும் வணக்கம். வீடு வெள்ளவத்தை. கொழும்பில் ஒரு தனியார் கம்பஸில் மென்பொருள் பொறியியல் படிக்கிறேன். பட்டம் தருவது இங்கிலாந்துப் பல்கலைக்கழகம், வகுப்பு நடப்பது இங்கே. முதல் வருடம் முடிந்து இரண்டாம் வருடம் தொடங்கிவிட்டது. உயர்தரத்தில் (ஏ.எல்.) கணிதப் பிரிவு, தமிழ் மொழிமூலம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி, அதாவது அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி, போதவில்லை.

இப்போது மாறலாமா என்று யோசிக்கிறேன். இங்கே படிப்பு மோசம் என்று சொல்ல மாட்டேன். எனக்குப் பிடித்தது அல்கோரிதம், கணிதம் போன்ற கோட்பாட்டுப் பக்கம். பாடத்திட்டத்தில் வருவதெல்லாம் வெப், மொபைல் ஆப், குழு வேலை. நியூஜெர்சியில் இருக்கிற பெரியம்மாவின் மகன், "இங்கே நடுவில் மாறுவது சர்வசாதாரணம், நீயும் போட்டுப் பார்" என்கிறான். அப்பாவோ "கட்டின காசு என்னாகிறது?" என்று கேட்கிறார்.

ஓர் ஏஜென்சிக்கும் போனோம். அங்கிருந்தவர் என் பெறுபேற்றுத் தாளைக் கையில் வாங்கவே இல்லை. "நூறு வீதம் கிரெடிட் டிரான்ஸ்பர், நேரே மூன்றாம் வருடம்" என்றார், அதாவது இங்கே படித்த பாட அலகு எல்லாம் அங்கே எண்ணப்படும் என்று. அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. எனக்குத்தான் சந்தேகம்.

உண்மையில் எத்தனை கிரெடிட் போகும்? கம்பஸில் படித்ததையே சொல்லாமல், ஏ.எல். பெறுபேற்றை மட்டும் வைத்துப் புதிய மாணவனாக விண்ணப்பித்தால் லேசா? இங்கேயே அரச பல்கலைக்கழகத்துக்கு மாற ஏதாவது வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவேடு
தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பல்கலைக்கழக நிர்வாகத்தில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

தனியார் கம்பஸிலிருந்து அரச பல்கலைக்கழகத்தின் உள்வாரிப் பட்டத்துக்கு (உள்ளே சேர்ந்து முழுநேரம் படிப்பது) நடுவில் நுழைய வழி இல்லை. உள்வாரி அனுமதி யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) ஊடாக, உயர்தரப் பெறுபேற்றின் மேல் நடப்பது. மூன்று தடவைதான் எழுதலாம். உங்களுக்கு இன்னும் ஒரு தடவை மிச்சம் இருந்து, திரும்ப எழுதும் மனமும் இருந்தால் அது ஒரு வழி. இரண்டாம் வருடத்தில் இருப்பவருக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அரசிலிருந்து அரசுக்கு மாறுவதும் இறுக்கமான விஷயம். காரணம் தெரிந்தால் ஏன் என்று கேட்க மாட்டீர்கள். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது, 55 வீதம் மாவட்டங்களுக்குப் பிரிகிறது, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் பதினாறுக்கு. ஒரு கற்கைநெறிக்கு, ஒரு பல்கலைக்கழகத்துக்கு, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித்தனி வெட்டுப்புள்ளி. உள்ளே வந்த பிறகு ஒருவர் கொழும்புக்கு மாறினால், அதே மாவட்டத்தில் அவரைவிடக் கூடின புள்ளி எடுத்தும் கொழும்பு கிடைக்காத பிள்ளையைத் தாண்டிப் போகிறார் என்றுதான் அர்த்தம். அதனால்தான் யூ.ஜி.சி. அனுமதிக் கையேட்டில் அத்தனை நிபந்தனை. மாறுதல் கேட்க நினைப்பவர்கள் தங்கள் வருடத்துக் கையேட்டில் அந்தப் பகுதியை வரி வரியாக வாசித்துவிட்டுத்தான் கடிதம் எழுத வேண்டும். போன வருடத்துக் கையேடு உதவாது.

கணினிப் படிப்புத்தான் வேண்டும், காசும் அதிகம் இல்லை என்பவர்களுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பி.ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப) வெளிவாரிப் பட்டம் இருக்கிறது. நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டும் நல்லவை. ஆனால் இந்தத் தம்பி கேட்பது வேறு என்று விளங்குகிறது.

மலைநாட்டான்
பதிவேடு ஐயா சொன்னது சரி. நான் பதுளை மாவட்டம், ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். என் அறைத்தோழன் கொழும்புக்கு மாற ஆசைப்பட்டு எல்லாப் பத்திரமும் சேர்த்தான். அதற்குள் இங்கே கூட்டாளிகள் சேர்ந்துவிட்டார்கள், கடலும் பிடித்துப்போய்விட்டது. அவனே வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

ஏ.எல். முடித்துவிட்டு இதை வாசிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்கிறேன். விண்ணப்பத்தில் விருப்பத் தெரிவு வரிசையைப் போடுகிற அந்த ஒரு இரவுதான் நமக்கு உண்மையான இடமாற்றம். பலர் முதல் ஐந்தாறை யோசித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புகிறார்கள். வெற்றிடம் நிரப்பும்போதும் அந்த வரிசையைத்தான் பார்ப்பார்கள்.

பனிக்கால_அக்கா
தம்பி, நான் இதே பாதையில் போனவள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை. கொழும்பில் ஒரு தனியார் கம்பஸில், இங்கிலாந்துப் பட்டத்தில் இருந்து நடுவில் விலகி, அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலுக்குப் போனேன். இப்போது அங்கேயே வேலை. நீளமாக எழுதப் போகிறேன், தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொள்.

முதலில் அந்த நூறு வீதம். இங்கிலாந்துக் கணக்கில் ஒரு வருடம் 120 கிரெடிட், ஹானர்ஸ் பட்டம் 360. அமெரிக்காவில் முழுப் பட்டமே பெரும்பாலும் 120, அதாவது வருடத்துக்கு 30 அளவில். ஆகவே உன் கிரெடிட்டை நாலால் வகுத்து எடுப்பார்கள். முதல் வருடம் முழுதும் சித்தி என்றால் தாளில் 30 வரும், இரண்டாம் வருடமும் முடித்தால் 60. அறுபது இருந்தால் மூன்றாம் வருட மாணவன் என்று பெயர். ஏஜென்சிக்காரர் சொன்னது இதைத்தான். அவர் பொய் சொல்லவில்லை, பாதியோடு நிறுத்திவிட்டார்.

மிச்சப் பாதி இது. கிரெடிட்டை ஏற்பது ஓர் அலுவலகம். அதை உன் பட்டத்துக்குள் எங்கே வைப்பது என்று முடிவெடுப்பது இன்னோர் இடம், அதாவது நீ சேரப்போகும் துறை. உன் "வெப் வடிவமைப்பு" பாடத்தை முதல் அலுவலகம் ஏற்கும். துறை பார்த்துவிட்டு "எங்களிடம் இதற்கு நேரான பாடம் இல்லை" என்று பொது விருப்பப் பாடமாகப் போட்டுவிடும். எண்ணிக்கையில் இருக்கும், உதவாது. எனக்கு அப்படிப் போனவை கொஞ்சநஞ்சம் இல்லை.

அடுத்தது பொதுக்கல்வி. அமெரிக்காவில் கணினி படிப்பவனும் ஆங்கில எழுத்துப் பயிற்சி, வரலாறு, ஒரு சமூகவியல் பாடம், ஆய்வுகூடத்தோடு ஒரு விஞ்ஞானப் பாடம் என்று எடுத்தாக வேண்டும். இங்கிலாந்துப் பட்டத்தில் அந்தப் பேச்சே கிடையாது. முதல் நாளிலிருந்து மென்பொருள்தான். அந்தப் பக்கம் உன் கணக்கு ஏறத்தாழப் பூச்சியத்தில் தொடங்கும்.

இனி, யாரும் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். எப்போது பட்டம் முடிப்பாய் என்பதைக் கிரெடிட் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. எந்தப் பாடத்துக்கு எது முன்பாடம் என்ற சங்கிலிதான் தீர்மானிக்கும். கல்குலஸ் ஒன்று முடிக்காமல் இரண்டு எடுக்க முடியாது. தனிநிலைக் கணிதமும் தரவுக் கட்டமைப்பும் முடிக்காமல் அல்கோரிதம் வகுப்புக்குள் விட மாட்டார்கள். அல்கோரிதம் முடிக்காமல் மேல் வகுப்புகள் பல திறக்காது. இவை ஒவ்வொன்றும் ஒரு செமஸ்டர். அறுபது கிரெடிட்டோடு போனாலும், சங்கிலியின் முதல் கண்ணியில் நின்றால் மூன்று வருடம் எடுக்கும். உன் கம்பஸில் கல்குலஸ் இருக்கிறதா? மென்பொருள் பொறியியலில் பெரும்பாலும் இருக்காது.

நீ இணைந்த கணிதம் படித்தவன் என்பதால் இன்னொன்று. லண்டன் ஏ.எல்.-க்குக் கிரெடிட் தருகிற அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நிறைய. நம் உள்ளூர் ஏ.எல்.-க்குத் தருவார்களா என்று ஒவ்வோர் இடத்திலும் மின்னஞ்சலில் கேள். கிரெடிட் தராவிட்டாலும் நுழைவு மட்டத் தேர்வு ஒன்று வைத்துக் கல்குலஸ் இரண்டுக்கு நேரே விடும் துறைகள் உண்டு.

கடலோரப்பெடியன்
அக்கா, மிகவும் நன்றி. தனிநிலைக் கணிதம் கொஞ்சம் இருக்கிறது, கல்குலஸ் இல்லை. அப்போது கம்பஸை மறைத்துவிட்டு முதல் வருடத்துக்கே விண்ணப்பித்தால் என்ன? எப்படியும் பாதி வீணாகப் போகிறதே. முதல் வருட மாணவர்களுக்குத்தான் உதவித்தொகை அதிகம் என்றும் கேள்விப்பட்டேன்.

பனிக்கால_அக்கா
மறைக்காதே. உயர்தரத்துக்குப் பிறகு எந்தக் கல்வி நிறுவனத்தில் பட்டப்படிப்புக்குப் பதிந்திருந்தாலும் விண்ணப்பத்தில் எழுத வேண்டும், கடைசியில் எல்லாம் உண்மை என்று ஒப்பமும் வைக்கிறாய். பிறகு தெரிந்தால் அனுமதியை ரத்துச் செய்யலாம்; படித்து முடித்த பிறகுகூட அது தலைக்கு மேல் தொங்கும். ஏ.எல். எழுதின வருடத்துக்கும் இப்போதைக்கும் நடுவில் என்ன செய்தாய் என்று விசா அதிகாரியும் கேட்பார். அங்கே ஒரு கதை, இங்கே ஒரு கதை என்று ஆகிவிடும்.

உதவித்தொகை பற்றி நீ கேட்டது உண்மைதான். வெளிநாட்டு மாணவருக்கு, அதுவும் நடுவில் வருபவருக்கு, உதவி குறைவு. முதல் வருட மாணவருக்கென்று இருக்கிற திறமைப் பரிசுகள் பலவற்றுக்கு நீ தகுதி பெற மாட்டாய். சில மாநிலப் பல்கலைக்கழகங்கள் மாறி வருவோருக்கென்று தனியாகக் கட்டணக் கழிவு தருகின்றன. பெயருக்குப் பின்னால் போகாமல் அப்படிப்பட்டவற்றைத் தேடு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகக் கனவு இருந்தால் தெரிந்துகொள்: அங்கே முதலிடம் அந்த மாநிலத்துக் கம்யூனிட்டி கொலிஜ் பிள்ளைகளுக்கு. அவர்களுக்கு ஆறு வளாகங்களில் உறுதி ஒப்பந்தமே இருக்கிறது. கொழும்பிலிருந்து நேரே போகிறவர் அந்த வரிசையின் பின்னால்தான் நிற்பார். விண்ணப்பமும் நவம்பர் கடைசியை ஒட்டி முடிந்துவிடும். மற்ற இடங்கள் பல மார்ச் வரை எடுக்கின்றன.

சுண்டல்_கடை
நான் எதிர்க்கட்சி. எதற்கு மாற வேண்டும்? இரண்டாம் வருடம் தொடங்கிவிட்டது. இன்னும் ஒன்றரை, இரண்டு வருடத்தில் கையில் பட்டம். பிறகு முதுகலைக்குப் போ. அமெரிக்காவில் கற்பித்தல் உதவியாளர், ஆராய்ச்சி உதவியாளர் வேலை கொடுத்துக் கட்டணத்தை விட்டுக்கொடுப்பது பட்டத்துக்கு மேல் படிப்பவர்களுக்குத்தான், அதிலும் பி.எச்.டி.-க்கு. இளங்கலைக்காரன் முழுக் காசு கட்ட வேண்டும். அல்கோரிதம் பிடிக்கும் என்றால் அல்கோரிதத்தில் பி.எச்.டி. செய், யார் வேண்டாம் என்றது?

நடுவில் மாறுவது 100 ஆம் நம்பர் பஸ்ஸிலிருந்து பம்பலப்பிட்டியில் இறங்கி 101-இல் ஏறுவது மாதிரி. இரண்டும் புறக்கோட்டைக்குத்தான் போகிறது. இறங்கினவனுக்கு இருந்த இருக்கையும் போய்விடும்.

பனிக்கால_அக்கா
சுண்டல் அண்ணா, உங்கள் கணக்குப் பலருக்குச் சரி. என் தங்கச்சிக்கு நானே அதைத்தான் சொன்னேன், அவள் இங்கே முடித்துவிட்டுத்தான் போனாள். ஆனால் கோட்பாட்டுப் பக்கம் பி.எச்.டி.-க்கு எடுப்பவர்கள் டிரான்ஸ்கிரிப்டில் முதலில் தேடுவது கணிதத்தை. கல்குலஸ், நேரியல் அட்சரகணிதம், நிகழ்தகவு, அல்கோரிதம். வெப், மொபைல் ஆப் என்று நிறைந்த தாளை வைத்துக்கொண்டு அங்கே போட்டியிட முடியாது. மூன்று வருட இங்கிலாந்துப் பட்டத்தை ஏற்கும் முதுகலைத் துறைகள் நிறைய இருக்கின்றன, நாலு வருடம் கேட்பவையும் இருக்கின்றன. தம்பிக்கு உண்மையிலேயே கோட்பாடுதான் ஆசையா, அல்லது குழு வேலையில் யாரோடாவது பிரச்சினையா என்று அவனுக்குத்தான் தெரியும்.

கடலோரப்பெடியன்
குழு வேலையில் பிரச்சினையும் இருக்கிறது 😅 ஆனால் அது காரணம் இல்லை அக்கா. விடுமுறையில் நானாகவே நேரியல் அட்சரகணிதம் படிக்கிறேன்.

சுண்டல்_கடை
விடுமுறையில் நேரியல் அட்சரகணிதம் படிக்கிறவனைக் காலிமுகத்திடலில் ஒருவன் இறால் வடை வாங்கிக் கொடுத்துத் திருத்த வேண்டும். சரி, போ. ஆனால் காசுக் கணக்கைப் போட்டுவிட்டுப் போ.

செட்டியார்தெரு
காசுக் கணக்கு என்றதால் வந்தேன். நான் பிள்ளையின் தகப்பன், படிக்கிறவன் அல்ல. மூத்த மகளுக்கு 2022-இல் அவுஸ்திரேலியாவுக்கு எல்லாம் சரியாகி வந்தது. மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலர் 200 ரூபாயை ஒட்டி இருந்தது, மே மாதத்தில் 360 பக்கம். ரூபாயில் சேர்த்து வைத்ததை டாலரில் மாற்றிப் பார்த்தால் பாதிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பிள்ளை ஒரு வருடம் பிந்திப் போனாள். இன்றைக்கும் ரூபாயில் சேர்க்கிற தகப்பன்மார் முதல் வருடக் கட்டணத்தை மட்டும் பார்க்கக் கூடாது. கடைசி வருடத்துக் கட்டணம் அன்றைய டாலர் விலையில் வரும் என்று நினைத்துக் கணக்குப் போட வேண்டும்.

இந்தத் தம்பிக்கு அமெரிக்கா என்றால், ஐ-20 படிவம் (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தருவது) எடுக்கவே ஒரு வருடச் செலவுக்கான காசு இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்கு மேல் செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பத்துக்கு 185. அவுஸ்திரேலியாவில் மாணவர் விசாக் கட்டணம் 2024 ஜூலையில் 710-இலிருந்து 1,600 அவுஸ்திரேலிய டாலர் ஆனது, அடுத்த வருட ஜூலையில் 2,000. விசா கிடைக்காவிட்டாலும் அந்தக் காசு திரும்பி வராது.

ஏஜென்சி பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் உங்களிடம் காசு வாங்காமல் "இலவச ஆலோசனை" தருகிறார்கள் என்றால், பல்கலைக்கழகம் அவர்களுக்குத் தரகு கொடுக்கிறது. அதில் தப்பு இல்லை, வியாபாரம்தானே. ஆனால் தரகு தராத பல்கலைக்கழகத்தின் பெயர் அவர்கள் வாயில் வராது. நான் என் மகளுக்குச் சொன்னது: "எந்தெந்தப் பாடம் போகும் என்று பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சலிலிருந்து எழுத்தில் வரட்டும், பிறகு முற்பணம் கட்டுவோம்."

மட்டுநகராள்
யாரும் சொல்லாததால் சொல்கிறேன், தம்பியின் கையில் இன்னொரு வழி இருக்கிறது. பட்டம் தருவது இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் என்றால், கடைசி வருடத்துக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகத்துக்கே போகலாமா என்று கேளுங்கள். இரண்டு கூட்டல் ஒன்று என்று சொல்வார்களே, அது. நான் அப்படித்தான் போனேன். ஒரே பல்கலைக்கழகம், ஒரே பாடக் குறியீடு. ஒரு கிரெடிட்டும் உதிராது.

வேறோர் இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்துக்கு என்றால், அங்கே எல்லோரும் விண்ணப்பிக்கும் பொது அமைப்பான யூகாஸின் விண்ணப்பத்தில் எந்த வருடத்தில் நுழைகிறீர்கள் என்று கேட்கும் கட்டத்தில் 2 என்று போட வேண்டும். பெட்டியை வெறுமையாக விட்டால் முதல் வருடத்துக்கு என்று எடுத்துக்கொள்வார்கள். கணிதம் கலந்த கணினி அறிவியலுக்கு இரண்டாம் வருடத்தில் எடுப்பார்களா என்பது உங்கள் முதல் வருடப் பாடங்களைப் பொறுத்தது. பாடத்திட்டத்தை அனுமதி அலுவலகத்துக்கு அனுப்பிக் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். இங்கிலாந்தில் முதல் வருடப் புள்ளி பெரும்பாலும் பட்டத்தின் வகுப்பில் சேராது, அதனால் முதல் வருடத்தோடு மாறுவது இரண்டாம் வருடம் முடித்து மாறுவதைவிடச் சுத்தமானது.

கடலோரப்பெடியன்
இரண்டு கூட்டல் ஒன்று பற்றிக் கம்பஸில் சொன்னார்கள் அக்கா. அங்கேயும் அதே பாடங்கள்தான், அதனால் மனம் போகவில்லை. யூகாஸ் பற்றி யோசிக்கவே இல்லை, பார்க்கிறேன்.

பத்திரங்கள் பற்றிக் கேட்க வேண்டும். அமெரிக்க விண்ணப்பத்தில் கொலிஜ் ரிப்போர்ட், மிட் டேர்ம் ரிப்போர்ட் என்று இரண்டு இருக்கின்றன. எங்கள் அலுவலகத்தில் காட்டினேன். கௌண்டரில் இருந்த மிஸ் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு "இது விசாவுக்கா? விசாக் கடிதம் என்றால் மூன்று வேலை நாள்" என்றார். நான் விளக்கம் சொல்ல, "சரி மகன், சேரிடம் கேட்டுப் பார்க்கிறேன்" என்று ஒரு கோப்புக்குள் வைத்தார். அந்தக் கோப்பு எங்கே என்று இப்போது அவருக்கே தெரியவில்லை.

பதிவேடு
கௌண்டரில் இருப்பவர் மேல் கோபப்படாதீர்கள். அந்த மாதிரிப் படிவம் அங்கே வருடத்துக்கு ஒன்றுகூட வராது. அவருக்குத் தெரிந்த கடிதங்கள் விசாக் கடிதம், வங்கிக் கடிதம், பஸ் சீசன் கடிதம்.

நான் சொல்கிறபடி செய்யுங்கள். கொலிஜ் ரிப்போர்ட் கேட்பது சின்ன விஷயம்தான்: இந்த மாணவர் ஒழுங்காகப் பதிந்திருக்கிறாரா, ஒழுக்காற்று நடவடிக்கை ஏதும் உண்டா, விரும்பினால் தொடர்ந்து படிக்கத் தகுதி உண்டா. இதைச் சொல்லும் அதிகாரம் பதிவாளருக்கோ பீடாதிபதிக்கோதான், கௌண்டருக்கு இல்லை. ஆகவே பதிவாளரின் பெயருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். படிவம் என்ன, யார் கேட்கிறார்கள், எந்தத் திகதிக்குள் வேண்டும், எந்தெந்தப் பெட்டியை நிரப்ப வேண்டும் என்று கடிதத்திலேயே இருக்கட்டும். உங்கள் பெயர், பதிவிலக்கம், கற்கைநெறி முதலியவற்றை முன்கூட்டியே பென்சிலால் எழுதிவைத்தால் பாதி வேலை முடிந்தது. கடிதத்தின் இரண்டாவது பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை குத்திய பிரதி கையில் இருக்கும்போது கோப்புத் தொலையாது.

மிட் டேர்ம் ரிப்போர்ட் நடக்கும் செமஸ்டரைப் பற்றியது. நமக்கு இடைநடுவில் புள்ளி வெளியிடும் வழக்கம் குறைவு. விரிவுரையாளர் "தொடர்கிறது" என்று எழுதி, முடிந்த ஒப்படைக்கு எடுத்த புள்ளியைப் பக்கத்தில் போட்டு ஒப்பமிட்டால் போதும்.

எல்லாவற்றிலும் பெரியது பாடத்திட்டம். டிரான்ஸ்கிரிப்டில் பாடத்தின் பெயரும் புள்ளியும் மட்டும்தான் இருக்கும். கிரெடிட் தீர்மானிப்பவருக்கு வேண்டியது வாரவாரியாக என்ன படித்தீர்கள், விரிவுரை எத்தனை மணி, ஆய்வுகூடம் எத்தனை மணி, என்ன நூல், பரீட்சைக்கு எத்தனை வீதம். அந்த விபரம் உள்ள கோவையை, நீங்கள் படித்த வருடத்துக்குரியதை, பட்டம் தரும் பல்கலைக்கழகத்தின் பெயரோடு இப்போதே எடுத்து வையுங்கள். பாடத்திட்டம் மாறிவிட்டால் பழையதை எடுத்துத் தர யாருக்கும் நேரம் இருக்காது. விலகிப் போன மாணவருக்கு இன்னும் குறைவு.

பனிக்கால_அக்கா
பதிவேடு ஐயா சொன்னதை அச்சடித்துச் சுவரில் ஒட்டு தம்பி. இன்னொன்று சேர்க்கிறேன். டிரான்ஸ்கிரிப்டின் பின்பக்கத்தில் புள்ளி விளக்கம் இருக்கிறதா பார். இங்கிலாந்து முறையில் 40 சித்தி, 70 என்றால் முதல் வகுப்பு. அமெரிக்காவில் 62 என்று கண்டால் "கஷ்டப்பட்டுத் தப்பியிருக்கிறான்" என்றுதான் தோன்றும், உண்மையில் அது நல்ல புள்ளி. வெஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனம் பாடம் பாடமாக மாற்றித் தரும். அதற்கு டிரான்ஸ்கிரிப்ட் பல்கலைக்கழகத்திலிருந்து நேராகப் போக வேண்டும். எல்லாப் பல்கலைக்கழகமும் அந்த மதிப்பீட்டைக் கேட்பதில்லை, சில தாமே செய்யும். கேட்காத இடத்துக்குக் காசு கட்டாதே.

உன் ஜி.பி.ஏ. (சராசரிப் புள்ளி) உன்னோடு வராது என்பதையும் மனதில் வை. பாடம் போகும், புள்ளி இங்கேயே நிற்கும். அங்கே முதல் செமஸ்டரில் எடுப்பதுதான் உன் ஜி.பி.ஏ. முதல் வருடம் சொதப்பியவனுக்கு அது வரப்பிரசாதம். நன்றாகச் செய்தவனுக்கு வயிறெரியும். பெரும்பாலும் சீ தரத்துக்குக் கீழே எடுத்த பாடம் போகவே போகாது.

கொழும்பு 3-இல் புல்பிரைட் ஆணைக்குழுவில் எடியுகேஷன் யூ.எஸ்.ஏ. ஆலோசனை இருக்கிறது. அவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஆள் பிடிப்பவர்கள் அல்ல. ஏஜென்சிக்கு முன் அங்கே போ.

மலைநாட்டான்
இடையில் ஒரு கேள்வி. என் மச்சான் ஒருவன் கனடாவில் ஒரு கொலிஜில் சேர்ந்துவிட்டு, போய் இறங்கிய பிறகு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம் என்று இருக்கிறான். அது நடக்குமா?

செட்டியார்தெரு
முன்பு நடந்தது. 2024 நவம்பர் 8-க்குப் பிறகு கனடாவில் நிறுவனம் மாறினால் புதிய படிப்பு அனுமதிப்பத்திரத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும். முன்பு இணையத்தில் ஒரு அறிவித்தல் கொடுத்தால் போதும் என்று இருந்தது, இப்போது இல்லை. "முதலில் உள்ளே போ, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் மச்சானைக் காதைப் பொத்தச் சொல்லுங்கள். மாறுவதானால் இங்கிருந்தே மாறிவிட்டுப் போக வேண்டும்.

கடலோரப்பெடியன்
நேற்று இரவு அப்பாவோடு உட்கார்ந்து இந்த இழை முழுவதையும் வாசித்தோம். செட்டியார்தெரு அங்கிள் எழுதினதை அவர் இரண்டு தடவை வாசித்தார். முடிவு இப்படி: இந்த வருடத்தை விடாமல் முடிக்கிறேன். கணிதம் கூடின அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகங்கள் நாலைந்துக்கும், யூகாஸில் இரண்டாம் வருட நுழைவுக்கும் பாடத்திட்டத்தை அனுப்பிக் கேட்கப் போகிறேன். எழுத்தில் என்ன வருகிறதோ அதைப் பார்த்துத்தான் மிச்சம். ஒன்றும் சரிவராவிட்டால் சுண்டல் அண்ணாவின் கட்சி.

சுண்டல்_கடை
கட்சி அலுவலகம் எப்போதும் திறந்திருக்கும்.

பனிக்கால_அக்கா
நல்லது. துறைக்கு எழுதும்போது "என் கிரெடிட்டை ஏற்பீர்களா" என்று கேட்காதே, "ஆம், பரிசீலிப்போம்" என்று ஒற்றை வரி வரும். "என் தனிநிலைக் கணிதப் பாடம் உங்கள் இன்ன இலக்கப் பாடத்துக்கு நேராகுமா, நான் எந்தக் கணித வகுப்பில் தொடங்குவேன், அப்படித் தொடங்கினால் எந்த செமஸ்டரில் முடிப்பேன்" என்று கேள். அவர்களின் பாட இலக்கத்தைப் போட்டுக் கேட்டால் துறை ஆலோசகருக்கே அனுப்பிவிடுவார்கள்.

கடலோரப்பெடியன்
சரி அக்கா. கடைசியாக ஒன்று: ஆங்கில மூலம் பட்டம் படிக்கிறேன், ஆனாலும் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சை கேட்பார்களா?

பனிக்கால_அக்கா
இடத்துக்கு இடம் வேறுபடும். ஆங்கில மூலம் இத்தனை வருடம் பட்டப்படிப்புப் படித்தால் விலக்கு என்று சிலர் எழுதியிருப்பார்கள், சிலர் நாட்டை வைத்துப் பார்ப்பார்கள். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பக்கத்தில் பார், விளங்காவிட்டால் அந்த மின்னஞ்சலிலேயே இதையும் ஒரு வரியில் கேட்டுவிடு. விலக்கு இல்லை என்றால் கடைசி மாதம் வரை வைக்காதே. பெறுபேறு வரவும் திகதி முடியவும் சரியாக இருக்கும்.